சந்திராவின் கண்ணில் பட்ட அடி

சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது, 1930-ல் கப்பலில் போனார், போகிற வழியிலேயே நட்சத்திரக் கணக்கைப் போட்டார், 1983-ல் நோபல் வாங்கினார் என்பதோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். அவர் 1995-ல் காலமானார். அதற்கு நான்கு வருடம் கழித்து அவர் பெயரோடு ஒரு தொலைநோக்கி வானத்துக்குப் போனது. அது போன வேகத்தில், முதல் ஒரு மாதத்துக்குள்ளேயே, கண்ணில் பலமாக அடிபட்டது. அந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தொழிலின் ஓரத்தில் கொஞ்ச காலம் நின்றவன் என்ற முறையில் நான் எழுதிவைக்கிறேன்.

அந்தத் தொலைநோக்கியின் முதல் பெயர் வாயில் நுழையாத ஒரு சுருக்கெழுத்து. ஏவுவதற்கு முன் நாசா பெயர் வைக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியையும் தனித்தனியே 'சந்திரா' என்று எழுதி ஜெயித்தார்கள். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலம் அதைச் சுமந்து கிளம்பியது. கலத்துக்குத் தலைவி ஐலீன் காலின்ஸ். ஷட்டிலுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி. அதற்கு முன் இரண்டு முறை கிளம்பப் பார்த்து நின்றுபோனது. மூன்றாவது முறை கிளம்பிய ஐந்தாவது விநாடியில் ஒரு மின்கசிவு, இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அணைந்து மாற்றுப் பெட்டிகள் கைகொடுத்தன. எஞ்சினில் ஓர் ஊசி தெறித்து ஹைட்ரஜன் வேறு கசிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் சந்திரசேகருடன் படித்து, பிறகு அவரையே மணந்த லலிதா அம்மாள் அன்று ஏவுதளத்துக்கு வந்திருந்தார். எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த இடம்தான் விஷயம். ஹபிள் தொலைநோக்கி மாதிரிப் பூமிக்கு அருகில் சுற்றுவதல்ல இது. நீள்வட்டப் பாதையில், பூமியிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் வரை கிட்டே வந்து, சுமார் 1,40,000 கிலோமீட்டர் வரை விலகிப்போகும். நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 64 மணி நேரம். ஹபிளின் ஆடி தப்பாகப் போனபோது ஆளை அனுப்பிச் சரிசெய்தார்கள். சந்திராவுக்கு அந்த வழி கிடையாது. அங்கே எந்த ஷட்டிலும் ஏற முடியாது. போனது போனதுதான்.

இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், பூமி பாதி வானத்தை மறைக்காமல் மணிக்கணக்காக ஒரே பொருளைப் பார்க்கலாம் என்பது. அதற்குக் கொடுத்த விலை, சுற்றுக்கு ஒருமுறை வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் புகுந்து வெளியே வரவேண்டும் என்பது.

இனி கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே இருந்த முக்கியக் கேமராவில் பத்து சி.சி.டி. சில்லுகள். ஒவ்வொன்றிலும் 1024 வரிசை, வரிசைக்கு 1024 பிக்சல். பிக்சல் ஒன்றின் அகலம் 24 மைக்ரான். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் செய்தது. சி.சி.டி. என்பதை 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2009-ல்தான் நோபல் கிடைத்தது, நாற்பது வருடம் கழித்து!

சி.சி.டி. எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஏரி தூர்வாருவதைத்தான் சொல்வேன். இயந்திரம் வராத காலத்தில் வரிசையாக ஆட்கள் நின்று மண்கூடையைக் கைமாற்றி மாற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள் அல்லவா? ஒளியோ எக்ஸ் கதிரோ சிலிக்கானில் விழுந்தால் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை விழுந்த பிக்சலிலேயே கூடையில் மண் மாதிரிச் சேர்ந்திருக்கும். பிறகு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வரிசையின் கூடையையும் பக்கத்து வரிசைக்குத் தள்ளுவார்கள். கடைசியில் கரையில் ஒருவர் உட்கார்ந்து கூடை கூடையாக எடை போடுவார். எந்தக் கூடை எத்தனையாவதாக வந்தது என்பதை வைத்து, எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கைமாற்றும்போது ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் சிந்தினால்? அதுதான் இந்தத் தொழிலின் முதல் தலைவலி.

எண்பதுகளின் தொடக்கத்தில், எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, வடக்கே ஓர் ஆய்வகத்தில் பட்டதாரிப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். பெயர் இங்கே வேண்டாம். செயற்கைக்கோள் கேமராக்களுக்கு வந்த சி.சி.டி.க்களைச் சோதிப்பது வேலை. 1988 மார்ச்சில் மேலே போன நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ-யில் இருந்த மாதிரி, ஒரே வரிசையில் 2048 பிக்சல் கொண்டவை. எங்களுக்கு வழிகாட்டிய சீனியர் பாலக்காட்டுக்காரர், நல்ல தமிழ் பேசுவார். என்னை "தம்பி" என்பார். நான் "சார்" என்பேன். இருட்டறை, மணிக்கட்டில் பூமி இணைப்புப் பட்டை, காலில் உறை. அந்த ஊர்க் குளிர்காலத்தில் காற்று அவ்வளவு வறட்சி. நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் தொட்டால் சுளீர் என்று அடிக்கும். அந்த ஒரு அடி போதும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சில்லு செத்துப்போக. அதனால் பட்டை கட்டாமல் மேசையருகே போகிறவனை அவர் பார்வையாலேயே எரித்துவிடுவார்.

சிந்துகிற மண்ணை அளக்க ஒரு முறை இருந்தது. கடைசிப் பிக்சல் வரை சீராக வெளிச்சம் காட்டவேண்டும். பிறகு, அந்தக் கடைசிப் பிக்சலுக்குப் பின்னால், இல்லாத பிக்சல்களையும் படிக்கச் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அங்கே சுழி வரவேண்டும். கொஞ்சம் எலக்ட்ரான் பின்தங்கியிருந்தால், ஆசிலாஸ்கோப்பில் ஒரு சின்ன வால் தெரியும். அந்த வாலை அளப்பதும், வெப்பநிலையை மாற்றி மாற்றி அளப்பதும், நோட்டில் எழுதுவதும்தான் பகல் வேலை. ராத்திரி கம்ப்யூட்டரில் நேரம் கிடைத்தால் ஃபோர்ட்ரானில் ஒரு சிமுலேஷன். அதாவது, இத்தனை பொறிகள் சிலிக்கானுக்குள் இருந்தால், ஒவ்வொன்றும் எலக்ட்ரானை இவ்வளவு நேரம் பிடித்துவைத்தால், வால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. நாடகத்துக்கு ஒத்திகை மாதிரி. சலிப்பான வேலைதான். ஆனாலும் காலையில் கணக்கில் வந்த வாலும் திரையில் வந்த வாலும் ஒத்துப்போனால் அன்றைக்குச் சாப்பாடு கூட ருசிக்கும்.

கதிர்வீச்சுச் சோதனையும் உண்டு. கோபால்ட்-60 காமா கதிர் முன் சில்லை வைத்து, விண்வெளியில் சில வருடங்களில் வாங்கும் அளவை ஒரேயடியாகக் கொடுத்து, மறுபடி அளப்போம். காமா கதிர் பெரும்பாலும் மின்னேற்றத்தால்தான் கெடுக்கும். புரோட்டான் செய்வது வேறு வகை. அது சிலிக்கான் படிகத்துக்குள் அடுக்கிவைத்த அணுக்களையே இடம்பெயர்த்துவிடும். செங்கல் சுவரில் ஒரு கல் விழுந்தால் பொந்து வருகிற மாதிரி, அந்த இடத்தில் எலக்ட்ரானைப் பிடிக்கும் பொறி உண்டாகும். இதை அப்போது புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் முழு அர்த்தம் புரிந்தது 1999-ல் சந்திரா செய்தியைப் படித்தபோதுதான்.

சந்திராவைச் செய்தவர்கள் சோதனையில் குறைவைத்தவர்கள் அல்ல. 1996 டிசம்பர் முதல் 1997 வரை அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில், பெரிய வெற்றிடக் கூடத்தில் ஆடிகளையும் கேமராக்களையும் வைத்து மாதக்கணக்கில் அளந்தார்கள். கதிர்வீச்சுப் பட்டையையும் மறந்துவிடவில்லை. புரோட்டான்கள் பக்கவாட்டில் துளைத்து வராதபடி கேமராவைச் சுற்றிக் கனமான உலோகக் கவசம் போட்டிருந்தார்கள். எந்தச் சக்தியுள்ள புரோட்டான் எத்தனை உள்ளே வரும், ஐந்து வருடத்தில் எவ்வளவு கெடும் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது.

கவசம் போடாத இடம் ஒன்றே ஒன்று, முன்வாசல். தொலைநோக்கி என்றால் முன்பக்கம் திறந்திருக்கத்தானே வேண்டும்?

எக்ஸ் கதிருக்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. நேராக விழுந்தால் ஊடுருவிப் போய்விடும், அல்லது உறிஞ்சப்பட்டுவிடும். குளத்தில் தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி மிகச் சாய்ந்த கோணத்தில் விழுந்தால்தான் திரும்பும். அதனால் சந்திராவின் ஆடிகள் பீப்பாய் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு ஜோடி. உட்புறம் இரிடியப் பூச்சு. அங்கே பட்ட கதிர் 10 மீட்டர் தள்ளிக் கேமராவில் குவியும். எல்லாரும் இதை எக்ஸ் கதிருக்கான வழி என்று மட்டும்தான் நினைத்தார்கள். சக்தி குறைந்த புரோட்டான்களும் அதே ஓட்டாஞ்சில்லு மாதிரி ஆடியின் மேல் சறுக்கிச் சிதறி அதே கேமராவுக்கு வந்து சேரும் என்பது கணக்கில் இல்லை.

அதற்கு ஒரு நியாயமும் உண்டு. 1993-ல் மேலே போன ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோள்தான் எக்ஸ் கதிர் வானியலில் சி.சி.டி.யை முதலில் பயன்படுத்தியது. அது பூமிக்கு அருகில் சுற்றியது, பட்டைகளுக்குள் நுழையவில்லை. குவிக்கும் ஆடி, சி.சி.டி., பட்டைகளைக் கடக்கும் பாதை, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது சந்திராவில்தான். நம் ஆய்வகத்தில் இருந்தாலும் எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பாலக்காட்டு சாருக்கு வேண்டுமானால் தோன்றியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12 அன்று தொலைநோக்கியின் முன்மூடி திறந்தது. ஆகஸ்ட் 26-ல் உலகத்துக்கு முதல் படத்தைக் காட்டினார்கள். காசியோபியா-ஏ என்ற வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம். நடுவில் ஒரு சின்னப் புள்ளி, அதுவரை யாரும் காணாதது. வெடித்த நட்சத்திரத்தின் எஞ்சிய கரு என்று உடனே பேச ஆரம்பித்தார்கள். நட்சத்திரங்கள் எடை மிஞ்சினால் என்ன ஆகும் என்று பத்தொன்பது வயதில் கணக்குப் போட்டவர் பெயரிலுள்ள தொலைநோக்கிக்கு இதைவிட நல்ல முதல் படம் அமையாது.

அந்தக் கொண்டாட்டத்தின்போதே கேமரா கெட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பர் முதல் பாதியில் கேமராக்காரர்கள் கவனித்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் இரும்பு-55 கதிரியக்க மூலம் ஒன்றை வைத்திருந்தார்கள். அது எப்போதும் ஒரே அளவு சக்தியுள்ள எக்ஸ் கதிரைத் தரும். கடைக்காரர் தராசுக்கு முத்திரைக்கல் மாதிரி. அதன் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று சிலிக்கானில் விழுந்தால் சுமார் 1,620 எலக்ட்ரான் கிளம்பும். எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணித்தான், வந்த கதிர் இரும்பிலிருந்தா, சிலிக்கானிலிருந்தா, கந்தகத்திலிருந்தா என்று சொல்வார்கள். அந்த முத்திரைக்கல்லே இப்போது எடை குறைவாகவும், ஒவ்வொரு முறை ஒவ்வொரு எடையாகவும் காட்டியது. அதுவும் கரைக்கு அருகிலுள்ள வரிசைகளில் கொஞ்சம்தான், தூரத்து வரிசைகளில் நிறைய.

கணக்கு எளிது. ஒரு கைமாற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிந்தினாலே, 1024 கைமாற்றலில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏவுமுன் சிந்தியது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. முன்பக்கமாக ஒளிவாங்கும் எட்டுச் சில்லுகளில் அது நூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஐந்து வருடத்துக்கு என்று போட்ட கணக்கையெல்லாம் தாண்டிய சேதம் ஒரு மாதத்துக்குள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துப்பறியும் கதை மாதிரி. கூடவே இருந்த சாட்சிகள் இரண்டு.

முதல் சாட்சி, ஒவ்வொரு சில்லிலும் ஒரு பாதி உலோகத் தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கும். எடுத்த படத்தைச் சட்டென்று அங்கே தள்ளி, நிதானமாகப் படிப்பதற்கான கிடங்கு அது. அந்தப் பாதியில் சேதமே இல்லை. ஆக, வந்தது தகட்டைத் துளைக்க முடியாத பலவீனமான துகள். இரண்டாவது சாட்சி, பத்தில் இரண்டு சில்லுகள் பின்பக்கமாக ஒளிவாங்குபவை. அவற்றிலும் சேதமில்லை. எலக்ட்ரான்கள் நகரும் வாய்க்கால் சில்லின் முன்பக்கத்தில், மேற்பரப்பிலிருந்து மைக்ரான் கணக்கு ஆழத்தில் ஓடுகிறது. பின்பக்கத்திலிருந்து வந்தால் அதை அடைய 40 மைக்ரானுக்கு மேல் சிலிக்கானைத் தாண்டவேண்டும். வந்த துகளால் அது முடியவில்லை. சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள புரோட்டான் சிலிக்கானில் ஒரு மைக்ரான் அளவு போய் நின்றுவிடும். நிற்கும் இடத்தில்தான் அதிகம் உடைக்கும். அதாவது, அது போய் நின்ற இடமும் வாய்க்கால் ஓடும் இடமும் ஒன்று. இதைவிடச் சக்தி அதிகமாக இருந்திருந்தால் தாண்டிப் போயிருக்கும். குறைவாக இருந்திருந்தால் மேலேயே நின்றிருக்கும்.

ஆடியில் புரோட்டான் சிதறுவதைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து பார்த்தார்கள். அதே தொகுதியில் செய்து பூமியில் மிச்சம் வைத்திருந்த சில்லுகளை எடுத்து, சக்தி குறைந்த புரோட்டான்களால் வேண்டுமென்றே அடித்தும் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போனது. மூடி திறந்த பிறகு எட்டு முறை பட்டைகளைக் கடந்திருந்தது. எட்டு முறையும் கேமரா ஆடியின் குவியத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

உடனடி மருந்து சுலபம். கேமரா ஒரு நகரும் மேசையில் இருந்தது. பட்டை வரும்போது மேசையை நகர்த்திக் கேமராவைக் குவியத்திலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அன்று முதல் சேதம் வருடத்துக்குச் சில சதவீதம் என்ற அளவில் நின்றது.

ஏற்கனவே பட்ட அடிக்கு என்ன செய்வது? ஹபிளில் சி.சி.டி.க்களை அவ்வப்போது சூடாக்கினால் சில குறைகள் ஆறும் என்பது தெரிந்த வைத்தியம். இங்கேயும் கேமராவை 30 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தார்கள். சேதம் கூடிவிட்டது! மறுபடி யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நேர் எதிராக, குளிரைக் கூட்டினார்கள். படிப்படியாகக் குறைத்து 2000 ஜனவரி இறுதியில் மைனஸ் 120 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். காரணத்தை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். காய்ந்த வாய்க்காலில் திறந்துவிட்ட முதல் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது, பள்ளமெல்லாம் குடித்துவிடும். பள்ளம் நிரம்பியிருந்தால்தான் பின்னால் வருவது போய்ச் சேரும். கடுங்குளிரில் பொறிகள் பிடித்த எலக்ட்ரானை நீண்ட நேரம் விடுவதில்லை. அண்டக்கதிர்கள் தற்செயலாக விழுந்து கிளப்பும் எலக்ட்ரான்கள் முதலில் ஓடிப் பொறிகளை நிரப்பிவிட, பின்னால் வரும் கூடை அதிகம் சிந்தாமல் போகிறது.

மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொண்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லீசா டவுன்ஸ்லி தலைமையில் ஒரு குழு, சில்லுக்குள் பொறி எலக்ட்ரானைப் பிடிப்பதையும் விடுவதையும் சிமுலேஷனாக எழுதியது. சிந்தியதைத் திரும்ப அள்ள முடியாது. ஆனால், கிளம்பும்போது இவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகித்து, அதைச் சிமுலேஷனில் ஓடவிட்டு, கரைக்கு வந்து சேர்வது நிஜமாக வந்ததோடு ஒத்துப்போகும் வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகலாம். இதில் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார்கள். பிறகு சந்திராவின் வழக்கமான மென்பொருளிலேயே இப்படித் திருத்தும் வேலை சேர்ந்துவிட்டது. நாங்கள் ராத்திரியில் வாலைக் கணக்குப் போட்டதும் இதே ரகம்தான். நாங்கள் நல்ல சில்லைத் தேர்ந்தெடுக்கப் போட்டோம். அவர்கள் அடிபட்ட சில்லைக் காப்பாற்றப் போட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. பின்பக்கச் சில்லுகள் செய்வதற்கே கடினம். ஏவும்போதே அவற்றில் தயாரிப்புக் குறை கொஞ்சம் இருந்தது. சக்தியை அளப்பதில் முன்பக்கச் சில்லுகள்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள். அடிபட்ட பிறகு தூரத்து வரிசைகளில் நிலைமை தலைகீழ். வீட்டில் சுமார் என்று பெயரெடுத்த பிள்ளை தலையில் குடும்பப் பொறுப்பு விழுந்த கதையாக, எத்தனையோ ஆராய்ச்சிகளை அந்தப் பின்பக்கச் சில்லுகளில் ஒன்று தூக்கிச் சுமந்தது.

இந்தச் செய்தியை நாசா மூடிவைக்காதது ஐரோப்பியர்களுக்குப் பேருதவி. அவர்களுடைய எக்ஸ்.எம்.எம். தொலைநோக்கி அதே 1999 டிசம்பர் 10 அன்று கிளம்பவிருந்தது. அதே மாதிரி பீப்பாய் ஆடிகள், சி.சி.டி.க்கள், பட்டைகளைக் கடக்கும் நீள்வட்டப் பாதை. கேமராக்களின் முன்னால் வடிகட்டிகளை மாற்றும் சக்கரம் இருந்தது. அதில் அலுமினியத் தகடு வைத்து அடைத்த நிலை ஒன்றும் உண்டு. பட்டை வரும்போது சக்கரத்தை அந்த நிலைக்குத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தத் தொலைநோக்கி அப்படித் தப்பியது.

எக்ஸ்.எம்.எம்.மின் இரண்டு கேமராக்களில் இருந்த சி.சி.டி.யின் ரகமே பின்னாளில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று போன அஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியிலும் இடம்பெற்றது. அதன் கேமராவில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தாரின் கை உண்டு. அஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. தென் அட்லாண்டிக்கின் மேல் கதிர்வீச்சு தாழ இறங்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் அதிகம் மாட்டாமல் ஓரமாகப் போகத்தான் இந்தப் பாதை.

ஐந்து வருடத்துக்கு என்று அனுப்பிய சந்திரா 25 வருடத்தைத் தாண்டிவிட்டது. இரும்பு-55 மூலத்தின் அரை ஆயுள் 2.7 வருடம் என்பதால், அந்த முத்திரைக்கல் தேய்ந்து தேய்ந்து, ஏவியபோது இருந்ததில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அளவு சரிபார்க்க காசியோபியா-ஏவையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஐ.ஆர்.எஸ்.-1ஏ பைக்கனூரிலிருந்து போன நாளில் எங்கள் ஆய்வகத்தில் என்ன நடந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும். அடுத்த வாரம் மின்சாரம் ஒழுங்காக இருந்தால் எழுதுகிறேன்.